இருபத்துமூன்றாம் பாகம்

ஈரோட்டில் ஒரு ரத்த வங்கி. இராப்பணி எனக்கு.
நான்கு டிகிரியில் உறங்கும் பைகள்.
தட்டணுக்களுக்கு மட்டும் உறக்கமில்லை,
ஆட்டும் தட்டில் விடிய விடிய ஆடிக்கொண்டிருக்கும்.
நானோ மேசை இழுப்பறையைத் திறந்து
ரத்தக்காட்டேரி ஒருவனைக் காதலிக்கத் தொடங்குவேன்.

பதினான்கு வருஷம். இருபத்திரண்டு பாகம்.
முதல் பாகம் வாங்கியபோது என் மகன் வயிற்றில்.
இப்போது அவனுக்கு மீசை அரும்புகிறது,
கதிரவனுக்கு இன்னும் இருபத்தொன்பது வயசு.
ஆமாம், கதிரவன்தான்.
வெயில் பட்டால் பொசுங்குகிறவனுக்கு
இப்படிப் பேர் வைத்தவள் கையை
ஒருநாள் பிடித்துக் குலுக்க வேண்டும்.

கோயமுத்தூரில் இருக்கிறான். பகலெல்லாம்
பீளமேட்டில் மூடிக்கிடக்கும் பஞ்சாலைக் குடோனில்.
இருட்டியதும் காந்திபுரம் மேம்பாலத்தின்
மேலடுக்கில் நின்று
ஊர் முழுக்க ஓடும் நாடியைக் கேட்பான்.
தேன்மொழி மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர்.
பதினொன்றாம் பாகத்தில் அவனைக் காப்பாற்ற
ஆர்.எஸ்.புரத்தையே இருட்டாக்கினாளே,
அந்த மூன்று பக்கத்தைப் பேருந்தில் படித்து
பெருந்துறையில் இறங்க மறந்து
விஜயமங்கலம் போய்த் திரும்பினேன்.

குறையெல்லாம் தெரியும்.
ஆறாம் பாகம் தண்டம்.
ஒன்பதில் வந்த ஆனைகட்டி ஓநாய்க் கூட்டம்
அப்புறம் என்ன ஆனதென்று எழுதியவளுக்கே நினைவில்லை.
பூண்டு அவனை ஒன்றும் செய்யாது;
அவள் கட்டிவந்த அரிசிம்பருப்பு சாதத்தை
நெய் விட்டுத் தின்றுவிட்டு
இன்னும் கொஞ்சம் என்பான்.
தொழில் தெரிந்தவளாக எனக்கொரு வழக்குண்டு:
என்ன வகை என்றே பாராமல் குடிக்கிறான்.
ஒரு கிராஸ்மேட்ச் இல்லை, ஒரு கையெழுத்து இல்லை.

போன பாகம் முடிகையில் அவன் நெஞ்சுக்கு நேரே
கூர் சீவிய கருவேலங்கட்டை.
பதினாறு மாதம் காத்திருந்தேன்.
நேற்றுத்தான் இருபத்துமூன்று வந்தது.

நாற்பதாம் பக்கத்தில் கதவைத் தட்டினார்கள்.
காங்கயத்துப் பெண். பிரசவம். நிற்காத உதிரம்.
ஓ நெகட்டிவ்.
இருந்த இரண்டு பையும் ஏறியாயிற்று.
பட்டியலைப் பார்த்துக் கூப்பிட்டேன்.
ஒருவன் வந்தான்.

மணி இரண்டரை. வெளுத்த முகம்,
கண்ணுக்குக் கீழே கறுப்பு.
என்னையறியாமல் பல்லைப் பார்த்தேன்.
வெற்றிலைக் கறை.
பேர் நல்லசிவம், சென்னிமலை, விசைத்தறி.
தலைமயிரெல்லாம் பஞ்சுத்தூசி.
"பதனோரு வருசமா நைட்டு ஷிப்டுங்.
பகல்ல சன்னல்ல சாக்கு கட்டித் தூங்குவனுங்."

ஊசி ஏறியது. பந்தை அமுக்கச் சொன்னேன்.
அவன் பார்வை என் மேசைமேல்.
"இருவத்திமூணுங்களா? முடிச்சுட்டீங்களா?"
"நாப்பதாம் பக்கம்."
"வெசனப்படாதீங். அந்தக் கட்டை
எறங்கவே எறங்காதுங், அவ வந்து..."
"வாயை மூடுங்க!"

இருபது வருஷ சர்வீசில்
ரத்தம் கொடுக்கும் ஒருவரை அதட்டியது
அதுதான் முதல் தடவை.
நூறு மில்லி கூடுதலாக எடுத்தால் என்ன
என்றுகூட ஒரு நொடி தோன்றியது.

பை நிறைந்தது. முந்நூற்றைம்பது.
கையில் ஏந்தினால் வெதுவெதுப்பு,
பிள்ளையைக் குளிப்பாட்ட விளாவிய தண்ணீர்ப் பதம்.
இத்தனை பாகத்தில்
எத்தனை கழுத்தில் வாய் வைத்திருப்பான்,
இந்தச் சூட்டை ஒருமுறை சொன்னதில்லை அவள்.

மாம்பழச் சாறை உறிஞ்சிக்கொண்டே கேட்டான்:
"நாலாம் பாகம் மட்டும் எங்கியுங் கெடைக்கலீங்.
உங்ககிட்ட இருக்குங்களா?"
கோபம் தீரவில்லை. ஆனாலும்
இருக்கிறதை இல்லையென்று எப்படிச் சொல்வது?
"மறுபடி ரத்தம் மூணு மாசம் கழிச்சுத்தான்.
புத்தகம் அதுக்குள்ள வந்துடணும்.
மூலை மடிக்கக் கூடாது."
"செரிங்."

நாலே முக்காலுக்கு மேலிருந்து போன்.
நின்றுவிட்டதாம்.

நாற்பத்தொன்றாம் பக்கம்.
கட்டை இறங்காதென்று தெரியும்.
தெரிந்தும்
மெதுவாகத்தான் திருப்பினேன்.